மரம் அளக்கப் போனோம்

டிசம்பர் 8, 2024, ஞாயிறு: திருச்சி

கிளம்புகிற அன்றைக்கே வண்டி மாறிவிட்டது. இருபது பேர் உட்காருகிற வேன் பேசி, முன்பணம் கொடுத்து, அந்த வண்டி எண்ணைப் போட்டு நீலகிரிக்கு இ-பாஸும் எடுத்து வைத்திருந்தேன். இரவு ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில் வந்து நின்றது வேறொரு வேன். "அந்த வண்டி சபரிமலைக்குப் போயிடுச்சு மேடம். இதுவும் அதே மாதிரிதான்" என்றார் ஓட்டுநர். அதே மாதிரிதான், சன்னல் மூடாது என்பதைத் தவிர.

பன்னிரண்டு மாணவர்கள். எல்லாரும் தாவரவியல் இளங்கலை, இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் கலந்து. துணைக்கு இன்னொரு ஆசிரியர். போகிற இடம் முதுமலை. அங்கே இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் ஆய்வாளர்கள் 1988-இல் தொடங்கி இன்றுவரை அளந்துகொண்டிருக்கும் 50 ஹெக்டேர் காடு இருக்கிறது. 'பிளாட்' என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வந்த ஒரு அப்பா, "அந்தப் பக்கம் பிளாட் என்ன விலைக்குப் போகுது மேடம்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

எங்களுக்கும் ஒரு பிளாட் உண்டு. கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற கரட்டில் 60 மரங்களுக்கு எண் கட்டி, 2017 முதல் வருஷத்துக்கு ஒரு முறை சுற்றளவு எடுக்கிறோம். பூவும் காயும் தளிரும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் 17-ஆம் எண் உசில் மரம் 2019-இல் 78 செ.மீ. இருந்தது. கொரோனாவால் ஒரு வருஷம் விட்டுப்போனது. 2021-இல் 41 செ.மீ. ஆனது. அடுத்த வருஷம் மறுபடி 80. மரம் மூச்சு விடுகிறதா என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் தெரியாமல்தான் இந்தப் பயணம்.

டிசம்பர் 9, திங்கள்: கல்லாறு, ஊட்டி, கூடலூர், மசினகுடி

கல்லாறு சோதனைச்சாவடியில் விடியற்காலை நிறுத்தினார்கள். இ-பாஸில் ஒரு எண், வண்டியில் ஒரு எண். நான் சபரிமலைக் கதையைத் தொடங்குவதற்குள் காவலர், "போன்லயே புதுசா போடுங்கம்மா, ஓரமா நிறுத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். அதட்டல் இல்லை, அலுப்பும் இல்லை. என் போனில் மூன்று சதவீதம் சார்ஜ். ஓடிபி வந்த நொடியில் அணைந்தது. பன்னிரண்டு பேரில் ஒருத்தரிடமும் சார்ஜ் இல்லை, இரவு முழுக்கப் பாட்டு. கடைசியில் டீக்கடைக்காரர் தன் சார்ஜரைக் கழற்றிக் கொடுத்தார். டீ 12 ரூபாய், சார்ஜுக்கு ஒன்றும் வாங்கவில்லை.

அடுத்தது பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்று கூட்டத்தில் மூன்று தடவை சொல்லியிருந்தேன். பையைத் திறந்தால் பதினேழு பாட்டில். எல்லாம் அங்கேயே போயிற்று. லால்குடிப் பெண் மட்டும், பாட்டி கட்டாயப்படுத்தியதால், ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டு வந்திருந்தாள். நேற்று இரவு அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் அடுத்த ஐந்து நாளும் அதில்தான் தண்ணீர் குடித்தார்கள்.

ஊட்டியில் வர்க்கியும் டீயும். அங்கிருந்து கல்லட்டி வழியாக இறங்கினால் மசினகுடி பக்கம். முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை. அதனால் கூடலூரைச் சுற்றிக்கொண்டு போனோம். மூடாத சன்னல் வழியாகப் பைக்காரா குளிர் முழுவதும் உள்ளே வந்தது. மூன்று பேர் வாந்தி. கூடலூரில் மதியச் சாப்பாடு 100 ரூபாய், மோரில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். வாந்தி எடுத்த மூவரும் புரோட்டா கேட்டார்கள். இருபது வயது வயிறு.

தெப்பக்காடு தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது. சாலையோரம் புள்ளிமான் கூட்டம், மூங்கில், பிறகு இலை பழுக்கத் தொடங்கிய மரங்கள். மேற்கே பசுமையாக இருந்த காடு கிழக்கே போகப்போகக் குட்டையாகிக்கொண்டே வந்தது. மழைதான் காரணம். முதுமலையின் மேற்கு ஓரத்தில் வருஷத்துக்கு 1800 மில்லிமீட்டர் வரை பெய்வது கிழக்கு ஓரத்தில் 600-700 ஆகிவிடும். வகுப்பில் இதை ஒரு மணி நேரம் நடத்தியிருக்கிறேன். வண்டியில் அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

மசினகுடியில் இறங்கியதுமே ஜீப்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "யானை கேரண்டி, மூவாயிரம்." மரம் அளக்க வந்தோம் என்றதும் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆயிரத்து ஐநூறு?" என்றார்.

டிசம்பர் 10, செவ்வாய்: மசினகுடி

காலையில் நல்ல குளிர். சூடான இட்லிக்கு முன்னால் எல்லாரும் கை காய்ந்துகொண்டார்கள். மெஸ் நடத்துகிற அக்கா சட்னியில் காரம் தூக்கலாக வைக்கிறார், கேட்டால் "குளிருக்கு" என்கிறார். ஆளுக்கு மூன்று வேளைக்கும் 220 ரூபாய்.

பயிற்சி கொடுத்த ஆய்வாளருக்கு முப்பது வயது இருக்கலாம். (பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.) படம் போட்டு விளக்குவார் என்று எல்லாரும் நோட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர் ஒரு நாடாவையும் 1.3 மீட்டர் நீளக் குச்சி ஒன்றையும் கொடுத்து, வெளியே நின்ற ஒரு கருமருதைக் காட்டினார். "ஒவ்வொருத்தரா போய் அளந்துட்டு வாங்க. அடுத்தவங்க கிட்ட சொல்லக் கூடாது."

ஒரே மரம், பன்னிரண்டு பேர். பலகையில் எழுதியபோது பன்னிரண்டு எண்கள். சின்னது 61.2, பெரியது 68.9. ஒன்று மட்டும் 20.7. மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரட்டில் ஏழு வருஷமாக இதே கைகள்தான் அளக்கின்றன.

பிறகு அவர் எங்களை மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு எண்ணும் எங்கே பிறந்தது என்று காட்டினார். கருமருதின் பட்டை முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாகப் பிளந்திருக்கும். நாடா கட்டத்தின் மேட்டில் உட்கார்ந்தால் ஒரு அளவு, பள்ளத்தில் விழுந்தால் ஒரு அளவு. முன்பக்கம் நேராகப் பிடிக்கிறோம், பின்பக்கம் நாடா நாலு விரல் கீழே தொங்குவது நம் கண்ணுக்குத் தெரியாது. சரிவில் நிற்கிற மரத்துக்குக் குச்சியை மேட்டுப் பக்கம் ஊன்ற வேண்டும்; பாதிப் பேர் பள்ளத்துப் பக்கம் ஊன்றியிருந்தார்கள். 20.7 எழுதியவன் தொட்டியத்துப் பையன். அந்த நாடாவின் ஒரு பக்கம் சுற்றளவு, மறுபக்கம் அதையே π-ஆல், அதாவது 3.14-ஆல், வகுத்த விட்டம். அவன் மறுபக்கத்தைப் படித்துவிட்டான். "நீ மட்டும்தான் சரியா அளந்திருக்க, தப்பான பக்கத்தைப் படிச்சிருக்க" என்றார் ஆய்வாளர். 20.7-ஐ 3.14-ஆல் பெருக்கினால் 65. மரத்தின் அளவும் அதுதான். பையன் அன்றைக்கு முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மதியத்துக்கு மேல் நோட்டுப்புத்தகப் பாடம். இதுதான் என்னை அசைத்தது. முதலில் எல்லாரிடமும் இருந்த ரப்பரை வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். பென்சிலில் மட்டுமே எழுத வேண்டும், மழையில் மை கரையும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே கோடு, பழைய எண் படிக்கிற மாதிரி. மேலே புது எண், பக்கத்தில் தேதியும் கையெழுத்தும். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு, இல்லாவிட்டால் அது ஒன்றாகிவிடும். சேறு பட்டாலும் சரி, உண்ணி நசுங்கின ரத்தக் கறை பட்டாலும் சரி, காட்டில் எழுதிய தாள்தான் தாள்.

"ரூமுக்கு வந்து ஃபேர் காப்பி எழுதிக்கலாமா மேம்?" என்று லால்குடிப் பெண் கேட்டாள்.

"எழுதினா ரெண்டாவது தப்பு அங்கதான் வரும். எழுதிட்டு முதல் தாளைக் கிழிச்சுப் போட்டீங்கன்னா அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது" என்றார் ஆய்வாளர்.

மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் நாங்கள் வளர்ப்பது அதற்கு நேர் எதிரான பிள்ளைகளை. ரெக்கார்டு நோட்டில் ஒரு அடித்தல் இருந்தால் மார்க் குறையும். அதனால் பக்கத்தையே கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். வலது பக்கம் எழுத்து, இடது பக்கம் படம், ஸ்கேல் வைத்துக் கோடு, பளபளவென்று அட்டை. மூன்று வருஷம் நாங்கள் பாராட்டுவது தவறு தெரியாமல் மறைக்கிற கைக்குத்தான். நானும் அப்படித்தான் மார்க் வாங்கினேன், அப்படித்தான் மார்க் போடுகிறேன்.

இரவு ஒன்பதுக்கு மேல் மசினகுடியில் நாய் கூடக் குரைக்கவில்லை.

டிசம்பர் 11, புதன்: பிளாட்

எட்டுப் பேருக்குத்தான் அனுமதி வந்திருந்தது. கடிதத்தில் பதினாலு என்று நான் எழுதியது எந்த மேசையில் எட்டாயிற்று என்று தெரியவில்லை. ஆசிரியர் நாங்கள் இருவர் போக ஆறு மாணவர்கள். சீட்டுக் குலுக்கினோம். வகுப்பில் முதலாவதாக வருகிற பெண்ணுக்குச் சீட்டு விழவில்லை, கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள். மற்ற ஆறு பேரும் தெப்பக்காட்டில் முகாம் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் உருண்டை பிடித்துக் கொடுப்பதைப் பார்க்கப் போனார்கள். மாலையில் அவர்கள் கதைதான் எங்களுடையதைவிடக் கலகலப்பாக இருந்தது.

பளிச்சென்ற நிறத்தில் சட்டை கூடாது, சென்ட் கூடாது, கால்சட்டையைச் சாக்ஸுக்குள் செருக வேண்டும். எங்களுக்கு முன்னால் நடந்தவர் குறும்பர் பழங்குடியைச் சேர்ந்தவர், இந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருப்பவர். காட்டுக்குள் அவர் பேசியது மொத்தம் இருபது வாக்கியம் இருந்தால் அதிகம். நின்றால் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு இடத்தில் நாற்பது நிமிஷம் நின்றோம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, தெரியவில்லை. பிறகு மூங்கில் ஒன்று படாரென்று முறிந்தது. இன்னொரு பத்து நிமிஷம். அப்புறம் "போலாம்" என்றார். எத்தனை யானை அண்ணா என்று மாணவன் கேட்டதற்கு மூன்று விரல் காட்டினார், ஒன்றை மடக்கிச் சின்னதாகக் காட்டினார்.

பிளாட்டில் பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் அதன் முதல் ஆச்சரியம். வேலியில்லை, பலகையில்லை. சாதாரண இலையுதிர் காடு. குனிந்து பார்த்தால் மரத்தில் ஒரு சின்ன அலுமினியத் தகடு, அதில் எண். அடுத்த மரத்திலும். விரல் தடிமன் உள்ள குச்சியிலும். ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம், அதை இருபதுக்கு இருபது மீட்டர் கட்டங்களாகப் பிரித்து 1250 கட்டம். 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் இருந்தால் போதும், அந்தத் தண்டுக்கு எண் உண்டு, வரைபடத்தில் இடம் உண்டு. முதல் கணக்கெடுப்பில் 25 ஆயிரத்துக்கு மேல் வந்ததாம், எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள். ஒவ்வொரு வருஷமும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கிறார்கள். நான்கு வருஷத்துக்கு ஒரு முறை எல்லாவற்றுக்கும் மறுபடி நாடா. இதே முறையில் அளக்கிற காடுகள் இன்று உலகத்தில் எழுபதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மூத்தது பனாமாவில் ஒரு தீவில், 1980களின் தொடக்கத்தில் தொடங்கியது. அங்கே இதே 50 ஹெக்டேரில் இரண்டு லட்சத்துக்கு மேல் தண்டுகள். இங்கே குறைவாக இருப்பது வறட்சியாலும் தீயாலும். சின்னக் கன்றுகளைத் தீ தரையோடு கருக்கிவிடுகிறது, அவை வேரிலிருந்து மறுபடி துளிர்க்கின்றன, மறுபடி கருகுகின்றன.

இலை இல்லாத ஒரு மரத்தைக் காட்டி என்ன மரம் என்றார் ஆய்வாளர். ஆறு பேரும் மேலே பார்த்தார்கள். குறும்ப அண்ணன் பட்டையை நகத்தால் சுரண்டி, உள்ளே தெரிந்த நிறத்தைக் காட்டினார். வெக்காலி. அடுத்தது வெள்ளைத் தாள் மாதிரி உரிகிற பட்டை, வெண்தேக்கு. நாங்கள் பூ வைத்து, சூலகம் வெட்டி, குடும்பம் கண்டுபிடிக்கச் சொல்லித் தருகிறோம். வருஷத்தில் பூ இருப்பது சில வாரம். மீதி நாளெல்லாம் மரத்துக்குப் பட்டைதான் முகம்.

பிறகு ஒரு முறிந்த தண்டு. பட்டை நார் நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது. கைடியா, செம்பருத்திக் குடும்பம். தொடக்கத்தில் இங்கே மிக அதிகமாக இருந்த மரங்களில் இது ஒன்று. யானைக்கு மிகவும் பிடிக்கும். உடைத்து உடைத்துத் தின்றதில் வெகுவாகக் குறைந்துபோயிற்று. ஒரு வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு 'யானை ஒரு மரத்தை உடைத்தது' என்று தெரியும். காட்டின் முகமே மாறிக்கொண்டிருக்கிறது என்று தெரிய இருபது வருஷத்து நோட்டு வேண்டும். குறிப்பில் சாவுக்குக் காரணம் எழுத ஒரு இடம் இருக்கிறது: தீ, யானை, காற்று. தொட்டியத்துப் பையன், "மனுஷங்க ஆஸ்பத்திரியில கூட இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க மேம்" என்றான்.

கொஞ்ச தூரத்துக்கு அப்புறம் காடு தெரியவில்லை, உண்ணிச்செடி மட்டும்தான் தெரிந்தது. தலைக்கு மேல் புதர். நுழைந்தால் முள், வெளியே வந்தால் உடம்பெல்லாம் உண்ணி. இரண்டு உண்ணிக்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியாது, எங்களைப் பொறுத்தவரை இனி உண்டு. இதற்குள்தான் ஒவ்வொரு கட்டத்திலும் தவழ்ந்து போய் எண் தேடுகிறார்கள். திரும்பும் வழியில் ஒருத்தியின் ஷூ வாயைப் பிளந்துவிட்டது, அக்காவின் ஷூவைக் கடன் வாங்கி வந்தவள். அண்ணன் இடுப்பிலிருந்து நைலான் கயிறு எடுத்து, குறுக்கே நாலு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. ஊர் போய்ச் சேரும் வரை அவிழவில்லை.

இரவு எண்ணினோம். ஒருத்தி மேல் மட்டும் 43 உண்ணி.

டிசம்பர் 12, வியாழன்: மசினகுடி

ராத்திரியிலிருந்து தூறல். திருச்சியில் கொட்டுகிறது என்று வீடுகளிலிருந்து போன். வெளியே போக முடியாததால் முழு நாளும் அறைக்குள். மெஸ் அக்கா கேட்காமலே சுக்குக் காபி அனுப்பினார், காசு கொடுத்தால் "மழைக்கு யாரு காசு வாங்குவா" என்றார். குளிருக்குக் காரம், மழைக்குச் சுக்கு. நான் அவரிடம் ரசப்பொடி கால் கிலோ வாங்கிக்கொண்டேன், அதற்கு மட்டும் 150 ரூபாய் கறாராக.

கணக்கைக் கணினியில் ஏற்றுகிற பயிற்சி. ஒருவர் படிக்க வேண்டும், ஒருவர் தட்ட வேண்டும், மூன்றாமவர் பார்க்க வேண்டும். பிறகு ஆள் மாற்றி மறுபடி முதலிலிருந்து. இதில் சுவாரசியம் எதுவும் கிடையாது, அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

சாயங்காலம் எங்கள் 17-ஆம் எண்ணை எடுத்துவைத்தேன். மரம் சுருங்குமா? சுருங்கும் என்றார் ஆய்வாளர். வறண்ட மாதத்தில் தண்டில் நீர் வற்றிச் சில மில்லிமீட்டர் இளைக்கும், மழை வந்தால் தேறும். பட்டை உரிந்து விழுந்தாலும் அளவு குறையும். அதனால்தான் ஒரே பருவத்தில் அளக்க வேண்டும். "ஆனா பாதியா? அது மரம் பண்ணினது இல்ல." விட்டத்தைப் படித்திருந்தால் 25 வந்திருக்கும், 41 வராது. உயரம் மாறினாலும் இவ்வளவு போகாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சுருங்கின மரத்தையே பார்க்கிறீங்க. அதே வருஷம் திடீர்னு பருத்த மரம் ஏதாவது இருக்கா?" என்றார்.

அப்படி யாரும் பார்த்ததில்லை. மரம் பருத்தால் சந்தோஷப்பட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

மழை விடவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் தொட்டியத்துப் பையன் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தான். கேட்டரிங் மேஸ்திரி. அவன் வாரக் கடைசியில் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போகிறவன், ஒரு வேலைக்கு 600 ரூபாய். வரும் திங்கட்கிழமை மார்கழி பிறக்கிறது, அப்புறம் ஒரு மாதம் கல்யாணம் கிடையாது. ஆக, இந்த வாரம்தான் அவர்களுக்கு அறுவடை. மூன்று பந்தியை விட்டுவிட்டு வந்திருக்கிறான். பயணக் கட்டணம் ஆளுக்கு 2,500 ரூபாய், அதில் இவனுக்கும் இன்னும் இருவருக்கும் துறை ஆசிரியர்கள் போட்டோம். கட்டணத்தைத்தான் யோசித்தேன், வராத 1,800 ரூபாயை யோசிக்கவில்லை. அமெரிக்காவில் 1987-இலிருந்து தேசிய அறிவியல் அறக்கட்டளையின் திட்டம் ஒன்று இருக்கிறது. இளங்கலை மாணவர்கள் கோடையில் பத்து வாரம் போல ஆய்வு நிலையங்களில் தங்கி வேலை கற்பார்கள், அதற்கு ஊக்கத்தொகை உண்டு. நீண்டகாலச் சூழலியல் ஆய்வு நிலையங்களும் அதில் மாணவர்களை எடுக்கின்றன. அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆய்வு வசதி, கருவி என்றுதான் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்தத் தொகை என்ன செய்கிறது என்று இன்றைக்குப் புரிந்தது: பந்திக்குப் போக வேண்டிய பையனை மரத்தடியில் நிறுத்துகிறது.

அவனிடம் 1,800 கொடுத்தால் வாங்க மாட்டான். கரட்டில் எண் தகடு மாற்றும் வேலைக்குக் கூலி என்று துறைச் செலவில் எழுதலாமா என்று உடன் வந்த ஆசிரியரிடம் கேட்டேன். "ரசீது?" என்றார்.

டிசம்பர் 13, வெள்ளி: திரும்பும் வழி

கார்த்திகை தீபம். ராத்திரிக்குள் வீட்டில் விளக்கு ஏற்ற வேண்டும் என்று பெண்கள் எல்லாம் விடிகாலையிலேயே தயார். கிளம்பும்போது மெஸ் அக்கா பொரி உருண்டை கட்டிக் கொடுத்தார். மழையில் வண்டி ஊர்ந்தது. சன்னல் ஓரம் தார்ப்பாய்த் துண்டு கட்டி, அதையும் காற்று பிடுங்கிக்கொண்டு போயிற்று, பர்லியார் பக்கம். எல்லாருக்கும் ஜலதோஷம்.

திருச்சிக்குள் நுழையும்போது ஒன்பது மணி. மழை விட்டிருந்தது. வாசல் நனைந்து கிடந்ததால் விளக்குகளைத் திண்ணையிலும் சன்னல் விளிம்பிலும் ஏற்றியிருந்தார்கள். லால்குடிப் பெண்ணின் பாட்டி முதலில் கேட்டது, "தூக்கு எங்கடி?" கிடைத்தது. மூடி மட்டும் இல்லை.

டிசம்பர் 21, சனி: கரடு

முதலாண்டு மாணவர்கள் ஒன்பது பேரும், போய்வந்தவர்களில் ஏழு பேரும் வந்தார்கள். தொட்டியத்துப் பையன்தான் நாடா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். "பின்னாடி போய்ப் பாரு, தொங்குதா?" என்று அதட்டல் வேறு.

2021 நோட்டை நானே பிரித்தேன். அழகான எழுத்து, அடித்தல் திருத்தல் கிடையாது, கட்டம் போட்டு இரண்டு நிறப் பேனா. சுருங்கியது 17. பருத்தது எது என்று விரலை மேலே ஓட்டினேன். 11. 2019-இல் 40.5, 2021-இல் 79.5, அடுத்த வருஷம் மறுபடி 42. அதுவும் உசில்தான். மூன்று வருஷமாக அந்தப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது.

எழுதியவள் இப்போது திருப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன் போட்டேன். மெஷின் சத்தத்துக்கு நடுவில், "அன்னைக்கு மழை மேம். நனைஞ்ச தாளைப் பார்த்து ரூம்ல உக்காந்து எழுதினேன். ஒன்னா ஏழான்னு சந்தேகம் வந்துச்சு" என்றாள்.

"அந்தத் தாள் இருக்காம்மா?"

"அசிங்கமா இருக்கு, ரெக்கார்டு மாதிரி எழுதிட்டு அதைப் போட்டுடுன்னு நீங்கதான மேம் சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். நினைவில்லை, ஆனால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

17-ஆம் எண்ணுக்கு நேரே இருந்த 41-இன் மேல் ஒரே கோடு போட்டேன். மேலே பென்சிலால் 79.5 என்று எழுதி, 'எண் மாறியிருக்கலாம், 11-ஐப் பார்க்க' என்று குறித்து, தேதி போட்டுக் கையெழுத்து வைத்தேன். தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த முதலாண்டுப் பையன் கொஞ்ச நேரம் தயங்கினான்.

"மேம், உங்க ஏழும் ஒன்னு மாதிரிதான் இருக்கு."